கனடாவின் மார்க்கம் நகரில் தடை கடைக்குத்தான், கஞ்சாவுக்கு இல்லை

கேள்வி இதுதான்: "மார்க்கத்தில் பேஸ்மென்ற் வாடகைக்கு எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்ரீல்ஸ் வீதிக்குத் தெற்கே, ஸ்காபரோப் பக்கம், கஞ்சாக் கடைகள் இருக்கின்றன. வடக்கே ஒன்றும் இல்லை. மார்க்கத்தில் கஞ்சா தடையா? கூட இருக்கும் பெடியன் வாங்கி வைத்தால் எனக்கும் சிக்கலா? நான் பிஆர், நிரந்தர வதிவுரிமை உள்ளவன்."

தம்பி, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரசபை மறித்தது கடையை மட்டும். ஸ்காபரோவில் சட்டப்படி வாங்கிய பொருளோடு ஸ்ரீல்ஸைக் கடந்து வடக்கே வந்தால் அது குற்றமாகாது. இங்கே பத்து வருடம் இருந்தவர்களும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்று அரசுகள் ஒரே பொருளில் கை வைத்ததால் வந்த குழப்பம் அது.

வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று ஆக்கியது மத்திய அரசு, 2018 ஒக்ரோபர் 17 முதல். வயதெல்லை 19, யார் விற்கலாம், எங்கே புகைக்கலாம் என்பதெல்லாம் ஒன்ராறியோ மாகாணம் தீர்மானித்தவை. நகரசபைகளிடம் மாகாணம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உங்கள் ஊரில் தனியார் கடை வேண்டுமா, வேண்டாமா? 2019 ஜனவரி 22க்குள் பதில் சொல்ல வேண்டும், வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். 414 நகரசபைகளில் 77 வேண்டாம் என்றன. மார்க்கம், மிசிசாகா, ரிச்மண்ட் ஹில், வாகன் எல்லாம் அதில் அடக்கம். ரொறன்ரோ 2018 டிசம்பரில் சம்மதித்தது. ஸ்காபரோ ரொறன்ரோவின் பகுதி என்பதால்தான் வீதிக்கு அந்தப் பக்கம் கடைகள்.

வேண்டாம் என்ற நகரங்கள் எல்லாம் கஞ்சாவை ஒழுக்கக்கேடாகப் பார்த்தன என்று நினைக்காதீர்கள். அப்படிப் பார்த்த பெற்றோரும் புலம்பெயர் சமூகங்களும் குரல் கொடுத்தது உண்மை. ஆனால் பல சபைகளில் பெரிய மனத்தாங்கல் அதிகாரம் பற்றியது. கடை எந்தத் தெருவில் வரலாம், ஒரு தெருவில் எத்தனை வரலாம் என்று சோனிங் விதி போட்டுக் கட்டுப்படுத்த மாகாணம் அவற்றை விடவில்லை. பாடசாலையிலிருந்து 150 மீற்றர் இடைவெளி என்பது மாகாண விதி. அதற்கு மேல் நகரம் ஒன்றும் கேட்க முடியாது. இன்னொரு பொறி, சம்மதம் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. வேண்டாம் என்றவர்கள் பிறகு எப்போது வேண்டுமானாலும் சம்மதிக்கலாம். இப்படி ஒருவழிக் கதவை வைத்தால், உள்ளே போகாமல் வெளியே நின்று பார்ப்போம் என்று ஒரு சபை நினைப்பதில் என்ன பிழை? காசும் பெரிதாக இல்லை. மாகாணம் ஒதுக்கியது இரண்டு வருடத்துக்கு 40 மில்லியன் டொலர், அதையும் எல்லா நகரங்களுக்கும் பிரித்தது. மறுத்த நகரங்களுக்கு இரண்டாவது தவணையில் 5,000 டொலர் மட்டும்.

மறுப்பின் பலவீனமும் வெளிப்படையானது. ஒன்ராறியோ கனபிஸ் ஸ்ரோர் என்ற மாகாண அரசின் இணையக் கடை மார்க்கத்து முகவரிக்கும் பொதி அனுப்பும். வாசலில் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடை இல்லாத இடத்தில் சட்டவிரோதமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விற்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம். மிசிசாகா 2023 ஏப்ரலில் முடிவை மாற்றிச் சம்மதித்தது. ஒரு நகரம் இன்றைக்கு எந்தப் பக்கம் என்பதை ஏஜிசிஓ, அதாவது மாகாணத்தின் மதுபான, சூதாட்ட ஆணையத்தின் தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு கருத்து இருந்தால், ஆதரவோ எதிர்ப்போ, பிஆர் என்பது தடையில்லை. வாக்குத்தான் குடியுரிமை உள்ளவர்களுக்கு. உங்கள் வட்டார உறுப்பினருக்கு எழுதலாம், சபைக் கூட்டத்தில் பதிவு செய்து சில நிமிடம் பேசலாம். சம்மதித்த ஊரில் உங்கள் தெருவுக்கே கடை வருகிறதென்றால் இடம் வேறு, விதி வேறு. கடை வரப்போகும் கட்டடத்தில் ஏஜிசிஓ அறிவித்தல் தொங்கும், 15 நாட்களுக்குள் அவர்களின் தளத்தில் ஆட்சேபம் பதிய வேண்டும். "எங்கள் கலாச்சாரத்துக்கு ஒவ்வாது" என்று எழுதினால் எடுபடாது. பொதுமக்கள் பாதுகாப்பு, இளையோர் கையில் போகாமல் தடுப்பது, சட்டவிரோத நடவடிக்கை, இந்த மூன்றில் ஒன்றோடு பொருந்த வேண்டும். பாடசாலை வாசல், கடையின் கதவு, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் என்று திட்டமாக எழுதுங்கள்.

கடையை விடப் புகைக்கும் இடம்தான் மார்க்கத்தில் கவனிக்க வேண்டியது. மாகாண விதிப்படி சிகரெற் புகைக்கக்கூடிய இடத்தில் கஞ்சாவும் புகைக்கலாம். மார்க்கம் தன் துணைவிதியால் பொது இடங்களில் அதையும் தடுத்துவிட்டது. வெளியே என்றால் நடைபாதையும் பூங்காவும் கூடாது, தனியார் வளவுக்குள்தான். உங்களுக்கோ அந்த வளவு வீட்டுக்காரருடையது. வாடகை ஒப்பந்தத்தில் புகைத்தல் என்று ஒரு பகுதி இருக்கும், அதை வாசியுங்கள். செடி வளர்ப்பதென்றால் ஆளுக்கு நான்கு என்று கணக்கில்லை, குடியிருப்புக்கு நான்கு.

இனி உங்கள் பிஆர் விசயம். இதற்கு நகரசபையோடு தொடர்பே இல்லை. வெளியே கொண்டு திரியும் அளவு 30 கிராம் உலர்ந்த இலை. மற்ற வடிவங்களுக்குச் சமன் கணக்கு உண்டு: ஒரு கிராம் இலைக்குத் தின்பண்டம் 15 கிராம், செறிவெடுத்த எண்ணெய் கால் கிராம்தான். அதனால் செறிவு வகையில் 7.5 கிராமிலேயே எல்லை முட்டிவிடும். வீட்டுக்குள் சட்டப்படி வாங்கியதற்கு அளவு எல்லை இல்லை, கூட இருக்கும் பெடியன் வாங்கினால் அது அவருடைய பொருள், உங்களுடையது அல்ல. ஆனால் நண்பருக்காக வாங்கி, வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் அது அனுமதியில்லா விற்பனை. 14 வருடம் வரை தண்டனைக்கு இடமுண்டு. 18 வயதுக்குக் குறைந்தவருக்குச் சும்மா நீட்டினாலும் அதே 14 வருடம். குடிவரவுச் சட்டம் நீதிபதி கொடுத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சம் 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் "பாரிய குற்றம்" என்று வகுத்து, பிஆரையே கேள்விக்குள்ளாக்கும்.

எங்கள் ஆக்கள் மாட்டக்கூடிய இடம் கார். 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வாகனம் ஓட்டுவதன் அதிகபட்சத் தண்டனை 10 வருடம் ஆகிவிட்டது. நீதிமன்றம் 1,000 டொலர் அபராதத்தோடு விட்டாலும் குடிவரவு அதிகாரிக்கு அது பாரிய குற்றமே. ஓட்டி முடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 5 நனோகிராம் ரிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், இருந்தாலே போதும். 2.5 நனோகிராமும், 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம் மதுவும் சேர்ந்தாலும் அதேதான். மது போல இத்தனை மணிக்குள் இறங்கிவிடும் என்று கணக்குப் போட முடியாது. ஜி1, ஜி2 என்ற புதிய ஓட்டுநருக்கான அனுமதி வைத்திருப்பவருக்கும், 21 வயதோ அதற்குக் குறைவோ உள்ளவருக்கும் எல்லை பூச்சியம். காரில் கொண்டுபோனால் கடையில் தந்தபடி பிரிக்காமல் இருக்க வேண்டும், அல்லது இறுக்கி மூடிய பையில் யாரும் எட்டாத இடத்தில், பின் டிக்கியில் என்றால் நல்லது.

வாங்கும் இடத்திலும் ஏமாறாதீர்கள், ஸ்ரீல்ஸுக்குத் தெற்கே உள்ள எல்லாக் கடைக்கும் அனுமதி இருக்கும் என்றில்லை. வாசலில் மாகாண முத்திரை, பொதியில் தீர்வை முத்திரையும் சிவப்பு எண்கோணச் சின்னமும் இருக்கும். சட்டப்படியான தின்பண்டப் பொதியொன்றில் ரிஎச்சி 10 மில்லிகிராமைத் தாண்டாது. 500 மில்லிகிராம் என்று எழுதிய மிட்டாய்ப் பொதியைக் கண்டால் அது கள்ளச் சரக்கு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் எடுக்கவே கூடாது.

நயாகராவைக் கடந்து நியூயோர்க் போகும்போதும், கொழும்புக்கோ சென்னைக்கோ பறக்கும்போதும் ஒரு கஞ்சா மிட்டாய் கூடப் பையில் இருக்கக் கூடாது. கனடாவிலிருந்து எடுத்துப் போவதும் குற்றம், கொண்டு வருவதும் குற்றம். மருந்துச் சீட்டு உதவாது. பழைய பையின் பக்கப் பொக்கற்றையும் பாருங்கள்.

எப்போதாவது பொலிஸ் வழக்குப் போட்டால், அபராதம் சின்னது என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குற்றவியல் சட்டத்தரணியோடு குடிவரவுச் சட்டத்தரணியையும் கேளுங்கள். காசில்லை என்றால் லீகல் எயிட் ஒன்ராறியோ என்ற சட்ட உதவி அமைப்பில் விண்ணப்பிக்கலாம். ஒப்புக்கொண்ட பிறகு போனால் அவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.