உள்ளங்கைத் தட்டுக்கு இவ்வளவு கோபமா?

கேள்வி: அலுவலக வேலையாக மூன்று பேர் டோக்கியோ போயிருந்தோம். ஒரு இஸகாயாவில் (ஜப்பானிய மதுக்கடையில்) ஆளுக்கு இரண்டு ஐட்டம் சொன்னோம். எல்லாமே உள்ளங்கை அளவுத் தட்டு. கேட்காமலேயே ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுத் தலைக்கு 400 யென் பில்லில் ஏற்றிவிட்டார்கள். பசி அடங்காமல் வெளியே வந்து ஓனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிச் சாப்பிட்டோம். எங்களில் ஒருவர் சைவம். அவர் தோஃபுவோடு (சோயா பனீர்) நிறுத்திக்கொண்டார். இது பகற்கொள்ளை இல்லையா?

பதில்: இல்லை. குடிக்கிற இடத்துக்குப் போய் மெஸ் சாப்பாட்டை எதிர்பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சாக்கே என்ற அரிசி மது வாங்க வந்தவர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கடையிலேயே குடிக்க ஆரம்பித்தார்கள். கூடவே கடித்துக்கொள்ளக் கடைக்காரர்கள் ஏதாவது கொடுத்தார்கள். 1596-ல் தொடங்கிய தோஷிமாயா என்ற கடை, மிசோ என்ற புளித்த சோயா விழுது தடவிச் சுட்ட தோஃபுவை மதுவோடு விற்றுக் கூட்டம் சேர்த்தது. இஸகாயா வளர்ந்தது இப்படித்தான். அங்கே தட்டு, கோப்பைக்குத் துணை.

அளவு சின்னதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அகெதாஷி தோஃபுவையே பாருங்கள். தோஃபுத் துண்டை உருளைக்கிழங்கு மாவில் புரட்டிப் பொரித்து, சூடான தாஷிச் சாற்றில் உட்காரவைத்து, தலையில் கொஞ்சம் துருவிய முள்ளங்கி வைத்துத் தருவார்கள். அடிப்பக்கம் சாற்றில் குழைந்தும் மேல்பக்கம் இன்னும் மொறுமொறுவென்றும் இருப்பது சில நிமிடங்கள்தான். பெரிய தட்டில் குவித்தால், கடைசித் துண்டுக்கு வருவதற்குள் எல்லாம் ஊறிச் சவசவத்துவிடும். குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறியான யாகிதோரியும் அப்படித்தான்: தொடைக்கறிக்கு ஒரு குச்சி, தோலுக்கு ஒன்று, குருத்தெலும்புக்கு ஒன்று. உப்பா, சாஸா என்று கேட்டுச் சுடுவார்கள். கரியடுப்பிலிருந்து இறங்கிய சூட்டிலேயே தின்றால்தான் ருசி.

அதனால் ஆளுக்கு இரண்டு என்று ஒரே மூச்சில் ஆறு தட்டு சொல்வது அங்கே வழக்கமில்லை. முதலில் இரண்டு மூன்று சொல்லி நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்ந்ததும் அடுத்த சுற்று. (அப்படி எடுக்கும்போது ஒருவர் சாப்பிடும் குச்சியிலிருந்து (சாப்ஸ்டிக்) இன்னொருவர் சாப்பிடும் குச்சிக்குத் துண்டைக் கைமாற்றாதீர்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும் முறை அது.) கடைசியாகச் சோறு, நூடுல்ஸ் என்று ஏதாவது ஒன்றில் முடிப்பார்கள். நீங்கள் வெளியே தேடிப்போன ஓனிகிரியைப் பல இஸகாயாக்களில் உள்ளேயே கேட்டு வாங்கலாம்.

சரி, அந்த 400 யென். அதன் பெயர் ஒதோஷி. நீங்கள் உட்காரும் இடத்துக்கான கட்டணம் அது. கிண்ணம் ஒரு சாக்கு. பெரும்பாலும் தலைக்கு 300 முதல் 500 யென் வரை இருக்கும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்: வெளிநாட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாத கடை மேல் கோபப்படுங்கள், தப்பில்லை. தெருவில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆளோடு போய் ஏமாந்தால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

அப்புறம், உங்கள் சைவ நண்பர். தாஷி என்பது பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் இறக்கிய சாறு. குளிர்ந்த தோஃபுவாக இருந்தால் மேலேயே அந்தச் சீவலைத் தூவியிருப்பார்கள். அவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டாமலிருப்பது உத்தமம். அடுத்த முறை அவித்து உப்புப் போட்ட எடமாமேயிலிருந்து (பச்சை சோயாக் காய்) ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.