கதவைத் திறந்து வைத்துச் சமைக்கட்டும்

கேள்வி: என் கணவர் கொரியர். ஜியோன்ஜு பக்கம் சொந்த ஊர். வேலையாக ஸ்ரீபெரும்புதூர் வந்தவரைக் காதலித்து மணந்து 11 வருஷம் ஆகிறது. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 6. இரண்டும் சாம்பார், மீன்குழம்புப் பிள்ளைகள். அப்பாவின் பண்பாடும் தெரியட்டும் என்று மாதத்தில் ஒரு ஞாயிறை ‘கொரியா நாள்’ என்று வைத்திருக்கிறேன். அவர்கள் ஊர்ப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்தி, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டும் கிம்பாப் உருட்டிப் படம் எடுப்போம். பையன் உள்ளேயிருக்கும் சீஸை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறான். மற்ற நாட்களில் வீட்டில் கொரியச் சமையல் கிடையாது. மாமியார் வீட்டில் போட்டுக் கொடுத்தனுப்பும் சோயா விழுதில் என் கணவர் மட்டும் எப்போதாவது குழம்பு வைத்துக்கொள்வார். அதுவும் பிள்ளைகள் தூங்கியபிறகு, 10 மணிக்கு மேல், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு; அந்த வாடை அவர்களுக்குப் பிடிக்காது. எந்தப் பதார்த்தத்தில் ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும்? ஒரு மெனு சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மெனு சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். சொந்த வீட்டில், பெற்ற தாய் கொடுத்தனுப்பிய விழுதைக் கரைத்து ஒரு குழம்பு வைக்க ஒரு மனுஷன் ராத்திரி 10 மணிவரை காத்திருக்கிறார். கதவையும் சாத்திக்கொள்கிறார். இதை நீங்கள் ஒரு குறையாகக்கூட எழுதவில்லை, வீட்டு வழக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஜியோன்ஜுவில் குடித்தனம் நடத்துகிறீர்கள். பெருங்காய வாடை பிள்ளைகளுக்கு ஆகவில்லை என்று எல்லாரும் படுத்தபிறகு ரசம் வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். உங்கள் அம்மா கேள்விப்பட்டால் மாப்பிள்ளையைச் சும்மா விடுவாரா?

வாடை பிடிக்காது என்பதையும் நான் அப்படியே ஏற்கத் தயாரில்லை. மீன்குழம்பு தின்கிற பிள்ளைகள். கீழ்வீட்டில் கருவாடு வறுத்தால் மொட்டைமாடி வரை மணக்கிற ஊரில் வளர்கிறவர்கள். 6 வயதுப் பெண் மூக்கைச் சுளிக்கிறாள் என்றால் யாரோ முன்னால் சுளித்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஜாடியைத் திறந்ததும் பெரியவர் ஒருவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாலே குழந்தைக்குப் புரிந்துவிடும். நீங்கள் அந்தக் குழம்பைச் சாப்பிடுவீர்களா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், அந்தத் தகவல் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரையும் நான் விடப்போவதில்லை. இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மனைவி ஊரில் இருக்கிறோம், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஒதுங்கிப்போவது நல்ல குணம்தான். ஆனால் அப்பாவுக்கு ஒரு கடமை இருக்கிறது. தான் என்ன சாப்பிட்டு வளர்ந்தோம் என்பதைப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும். அவர் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிற பொருளை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பட்டுடை உடுத்திப் பண்பாடு என்று காட்டினால் எந்தப் பிள்ளை நம்பும்?

அந்த ஜாடியில் இருப்பது என்னவென்று பிள்ளைகளுக்கு யாராவது சொன்னீர்களா? சோயா பீன்ஸை வேகவைத்து, இடித்து, செங்கல் அளவுக்குக் கட்டிகளாகப் பிடித்து, வைக்கோல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். குளிர்காலத்தில் நடக்கும் வேலை. வாரக்கணக்கில் தொங்கி, மேலெல்லாம் பூசணம் பூத்து, கட்டி நொதித்துக் காயும். அப்புறம் அவற்றைக் கழுவி, உப்புத் தண்ணீரோடு மண்சாடியில் போட்டு, மேலே கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் மிதக்கவிடுவார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வடித்தால், இறங்கும் தண்ணீர் சோயா சாஸ். மிஞ்சுகிற திப்பியைப் பிசைந்து மறுபடி சாடியில் அடைத்து மாதக்கணக்கில் முதிரவிட்டால் டுவென்ஜாங், அதாவது உங்கள் ஜாடியில் இருக்கும் விழுது. மழை வந்தால் மூடி, வெயில் வந்தால் திறந்து, அந்தச் சாடியை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளவேண்டும். கூட்டாகச் சேர்ந்து கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுகிற கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இலேயே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த விழுது, சாஸ் போடுகிற கலையை 2024 டிசம்பரில் சேர்த்தது. அதைச் செய்யத் தெரிந்த ஒருத்தி உங்கள் மாமியார். அவர் கைச்சரக்குதான் உங்கள் வீட்டில் 10 மணிக்கு மேல் வெளியே வருகிறது.

கொரியா நாளை நிறுத்திவிடுங்கள். கிம்பாப் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு அது, அப்படி வெளியே போகும்போது செய்யுங்கள். ஹன்போக் பண்டிகைக்கு இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேஷம் கட்டினால் பிள்ளைகளுக்கு அப்பா பள்ளி ஆண்டுவிழா நாடகத்து ஆள் மாதிரிதான் தெரிவார்.

இனி மெனு. ஒரே பதார்த்தம்தான்: அதே குழம்பு. வாரநாளில், சாயங்காலம் 7 மணிக்கு, கதவைத் திறந்து வைத்து. சமைப்பவர் அப்பா. நீங்கள் அடுப்புப் பக்கம் போகவேண்டாம், அளவு கேட்டு எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வேலை உண்டு. பையன் தரையில் செய்தித்தாளை விரித்து உலர்ந்த நெத்திலியை ஆயட்டும். தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, உள்ளே இருக்கும் கறுப்புக் குடலை எடுத்துவிடவேண்டும். அது இருந்தால் சாறு கசக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு செய்து காட்டினால் போதும். அவரும் சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து இதைச் செய்திருப்பார், கேட்டுப் பாருங்கள். நம்மூர்க் கருவாட்டில் உப்பு கூடுதலாக இருந்தால் அலசிக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு அரிசி களைகிற வேலை. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை களைந்த வெள்ளைத் தண்ணீரைப் பிடித்து வைக்கட்டும். பொன்னி அரிசியே போதும். நெத்திலியை வெறும் சட்டியில் லேசாகப் புரட்டி, அந்தக் கழுநீரை ஊற்றி, 10 நிமிடம் கொதித்ததும் மீனை எடுத்துவிட்டு, விழுதைக் கரண்டியால் கரைத்துவிடவேண்டும். உருளைக்கிழங்கு, சுக்கினி, வெங்காயம், கடைசியில் டோஃபு. உப்புப் போடாதீர்கள், விழுதிலேயே இருக்கிறது. பச்சைமிளகாயைப் பெரியவர்கள் கிண்ணத்தில் மட்டும் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தோசை வார்க்கக் கூடாது. இதில் நான் கறார். ஒரு வீட்டில் ஓர் அடுப்பு, ஒரு சாப்பாடு. வேண்டாம் என்கிற பிள்ளை வெறும் சோறும் தயிரும் தின்னட்டும், ஆனால் அதே இடத்தில் உட்கார்ந்து, குழம்பு ஆவி பறக்கிற பக்கத்திலேயே தின்னட்டும்.

கூடவே கிம்ச்சி. காரம் என்று நீங்கள் பயப்படுவது தெரியும். அங்கே பாட்டிமார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கிம்ச்சி இலையை அதில் அலசி மிளகாய் விழுதைப் போக்கி, நீளவாக்கில் கையால் கிழித்து, குழந்தையின் சோற்றுக் கரண்டிமேல் வைத்துவிடுவார்கள். உங்கள் கணவரும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார். மிளகாய்த்தூளே போடாத வெள்ளைக் கிம்ச்சியும் உண்டு.

பண்பாடு பாதி சாப்பாட்டு மேஜையிலேயே இருக்கிறது. சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம். வீட்டில் பெரியவர் கரண்டி எடுத்தபிறகுதான் மற்றவர்கள் எடுக்கவேண்டும். சோற்றில் கரண்டியையோ குச்சியையோ செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. முன்னோர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி. இதையெல்லாம் பாடம் எடுக்காமல் அப்பா தன்போக்கில் செய்தால் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பையன் முந்திக்கொண்டு கரண்டியைத் தூக்கினால் ஒரு வார்த்தை அதட்டட்டும், தப்பில்லை.

பிறந்தநாள் அன்றும் இதே மாதிரிதான். கேக்கு சாயங்காலம் வெட்டுங்கள். காலையில் மியோக்குக், அதாவது கடற்பாசி சூப்பு. பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கொடுக்கிற பத்தியச் சாப்பாடு அது. அதனால்தான் பிறந்தநாளிலும் வைக்கிறார்கள். உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை, இரண்டு பெற்றவர் நீங்கள்.

கடைசியாக மாமியார். உங்கள் கடிதத்தில் அவர் விழுது அனுப்புகிறவராக மட்டும் வருகிறார். பேரன் பேத்தியோடு அவர் பேசுவாரா? வீடியோவில் கூப்பிடும்போது நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நம்ம 7 மணிச் சமையல் அவருக்கு ராத்திரி பத்தரை. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குக் கூப்பிட்டால் அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பார். பையன் ஆய்ந்த நெத்திலியைக் காட்டட்டும். சரியாக ஆயவில்லை என்று அவர் திட்டுவார், திட்டட்டும்.

அப்புறம், வீடியோ எத்தனை நாளைக்கு? சூசோக் என்கிற அவர்கள் அறுவடைப் பண்டிகை செப்டம்பர் கடைசியை ஒட்டி வரும் வருஷங்களில் காலாண்டு விடுமுறையோடு சேர்ந்து அமையும். அரிசிமாவைப் பிசைந்து, எள்ளோ பயறோ உள்ளே வைத்து, அரைநிலா வடிவில் மடித்து, பைன் இலைமேல் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் சொங்பியான் அந்தப் பண்டிகைக்குத்தான். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பிடிப்பார்கள். பிள்ளைகள் கோணல்மாணலாகப் பிடித்ததும் அதே பானையில் வேகும். நாட்காட்டியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பையனுக்கு அந்த வாரம் கோச்சிங் கேம்ப் இருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.