சங்கம் சேர்ந்தால் வேலையை விட்டு நிறுத்தலாமா? ‘நேர்மையற்ற தொழில் நடைமுறை’ என்றால் என்ன?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஓர் இறால் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். தோல் உரிக்கும் பெண்கள் சங்கத்தில் சேர்கிறார்கள். மறுநாள் மேஸ்திரி வந்து, “சங்கத்துல பேர் கொடுத்தவங்களுக்கு இனி சரக்கு கிடையாது” என்கிறார். இதுதான் நேர்மையற்ற தொழில் நடைமுறை: தொழிலாளர் ஒன்றுசேர்வதை மிரட்டியோ, பழிவாங்கியோ, ஆசை காட்டியோ உடைப்பது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இவற்றை ஐந்தாம் அட்டவணையில் பட்டியலிட்டது. 2020-இன் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை. முதலாளியே தன் கைக்குள் ஒரு சங்கத்தை ஆரம்பித்துவிடுவதும் அதில் உண்டு. தந்திரமான வேலை, சட்டம் அதையும் விடவில்லை.

ஏன் இந்தத் தடை? ஒருத்தி தனியாகக் கூலி கேட்டால், “நாளைக்கு வராதே” என்றால் முடிந்தது. நாற்பது பேரிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஐஸ் பெட்டியில் இருக்கும் இறால் காத்திருக்காது. அந்த பலத்தைத்தான் சட்டம் காக்கிறது.

சரி, சங்கத்தோடு பேசுவது? அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் கூட்டுப் பேரம் பேச மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. கரையில் மீன் விலை பேசுவதைப் பாருங்கள். வியாபாரி ஒரு விலை சொல்வார், படகுக்காரர் “கட்டாதுண்ணே” என்பார். படியாமலும் போகலாம், அதில் தப்பில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் கூடையைக் கிளறிக்கொண்டு வெயில் ஏறும்வரை இழுத்தடித்தால்தான் மீன் நாறிப்போகும். சட்டம் தடுப்பது அந்த மாதிரி இழுத்தடிப்பைத்தான்.

பேசும் கடமை என்றால் கேட்ட கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதோடு அந்தக் கடமை சங்கத்துக்கும் உண்டு.