பாட்டியின் தாத்தா அயர்லாந்தில் எந்த ஊர்? கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பாட்டியின் தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர், மதராஸ் பட்டாளத்தில் இருந்து 1850 வாக்கில் இறந்தவர், கையில் இருப்பது ஒரு பழைய பைபிளும் ஒரு கல்யாணப் பதிவின் நகலும் மட்டும், இதை வைத்து அவர் ஊரைப் பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியலாம். ஆனால் தயவுசெய்து அயர்லாந்தில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்.

எங்கள் அம்மா வழி போத்தனூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக் குடும்பம், அதனால் இந்தக் கூத்தெல்லாம் எனக்குப் பழக்கம். எல்லாரும் முதலில் செய்வது பெயரை அயர்லாந்து இணையதளங்களில் போட்டுத் தேடுவதுதான். ஜான் மர்ஃபி, பேட்ரிக் கெல்லி மாதிரிப் பெயராக இருந்தால் நூற்றுக்கணக்கில் வந்து விழும், அதில் நம் ஆள் யார் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய கையோடு, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று, உயில்களும் ஏராளமான சர்ச் ஆஃப் அயர்லாந்து (அங்குள்ள புராட்டஸ்டண்ட் சபை) பதிவேடுகளும் கூடவே போயின. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போர் நேரத்தில் காகிதக் கூழாகிவிட்டன. அந்தத் தீக்கு முன்பு எடுத்தவற்றில் முழுசாகக் கிடைப்பது 1901, 1911 மட்டும்தான். எல்லாருக்குமான பிறப்புப் பதிவே 1864-இல்தான் தொடங்கியது. உங்கள் ஆள் அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்.

ஆக, அவர் ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் அவரைச் சம்பளத்துக்கு எடுத்தவனின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கும். அவர் இங்கிலாந்து அரசின் படையா, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையா என்று முதலில் பாருங்கள். கல்யாணப் பதிவில் பெயருக்கு அடுத்த கட்டத்தில் பதவியும் படைப்பிரிவும் இருக்கும். அரசின் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற தொடர். அதில் எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), எந்த டவுனுக்குப் பக்கம், எந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆனால் அது பென்ஷன் வாங்கிப் போனவர்களின் தாள். வேலையில் இருக்கும்போதே செத்தவர்களுக்கு அது கிடையாது.

கம்பெனிப் படை என்றால் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் என்/2 தொடரில். ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றிய பதிவேடுகள் எல்/மில்/9-இல். இரண்டில் இரண்டாவதுதான் புதையல் என்பேன். எங்கள் வீட்டு ஐரிஷ் மூதாதையின் வரி அதில் இப்படி இருந்தது: வயது பத்தொன்பது, உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம், சாம்பல் நிறக் கண், பழுப்பு முடி, முன்பு செய்த வேலை கூலி, பிறந்தது டிப்பெரரி கவுண்டியில் இன்ன பங்கு, ஏறிய கப்பல் இன்னது. போட்டோ ஒன்றுகூட இல்லாத மனிதரின் கண் நிறம் ஒரு குமாஸ்தா கையெழுத்தில் கிடைக்கும்போது கொஞ்சம் ஆடித்தான் போவீர்கள்.

அதுவரை எங்கள் வீட்டில் அவரை டப்ளின்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் வேடிக்கையானது. அவர் இருந்தது மதராஸ் ஐரோப்பியப் படை, பிறகு மதராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அதே பட்டாளத்தை 1881-இல் இன்னொன்றோடு சேர்த்து ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதற்குள் அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பேரப்பிள்ளைகள் காதில் விழுந்தது புதுப் பெயர்தான், உடனே ஆளையும் டப்ளினில் பிறக்க வைத்துவிட்டார்கள். வீட்டுக் கதைகளைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அந்தக் கதை எந்த வருஷம் முளைத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் விதவைகள். கணவன் செத்தால் பட்டாளத்தில் பெண்ணுக்குப் பிழைப்பு இல்லை, அதனால் சில மாதத்திலேயே இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்வது சர்வ சாதாரணம். பிள்ளைகள் சில சமயம் மாற்றாந்தகப்பன் பெயரில் வளரும். பைபிளில் ஒரே தாய்க்குப் பிறந்தவர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் மசி கொட்டிய குழப்பம் என்று விட்டுவிடாமல் இரண்டாவது கல்யாணத்தைத் தேடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர்களையும் குறித்து வையுங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பையன்கள் சேர்ந்தே பட்டாளத்துக்கு வருவார்கள். நம் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் அவன் கூட்டாளியின் ஊர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும், ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். ஓ'பிரையன் ஒரு பக்கம் பிரையன் ஆகியிருப்பார். கவுண்டிப் பெயரும் அப்படித்தான்: கிங்ஸ் கவுண்டி இன்றைக்கு ஆஃபலி, குயின்ஸ் கவுண்டி இன்றைக்கு லீஷ்.

பங்கு பெயர் கைக்கு வந்த பிறகுதான் அயர்லாந்து. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை டப்ளினில் உள்ள தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அநேகமாக இருக்கும், அதுதான் ஆளை உறுதிப்படுத்தும். ஆனால் பல ஊர்களில் பதிவேடே 1820களுக்கு மேல்தான் தொடங்குகிறது. எங்கள் பங்கில் அவர் பிறந்த காலத்துப் பக்கமே இல்லை. அதனால் 1823 முதல் 1837 வரை எழுதிய, சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய தசமபாக வரியின் புத்தகங்களைப் பார்த்தோம், அந்தப் பங்கில் அதே குடும்பப் பெயரில் சில குடும்பங்கள் இருக்கின்றன. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கேயும் வழக்கம், அதை வைத்து ஒரு வீட்டின் மேல் எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை. டிஎன்ஏ பரிசோதனையும் செய்யலாம். பாட்டியின் தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக ஆறு சதவீதம்தான், அதனால் அந்த வழியில் உங்களுக்கு மூத்த தலைமுறையில் யாராவது இருந்தால் அவரைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து எல்லாரும் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன்: இதை வைத்து ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்காது. உங்கள் சொந்தத் தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் வழி உண்டு, இது ரொம்பத் தூரம்.

அந்தக் கல்யாணப் பதிவில் உள்ள ஆண்டையும் படைப்பிரிவையும் அப்படியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். கம்பெனிப் படையா இல்லையா என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.