15 கினி கொடுத்தவர்கள்

கேள்வி: 1968-ல் பிரிட்டிஷ் ரயில்வே, 'கடைசி நீராவிப் பயணம்' என்று சொல்லி ஒரு டிக்கெட்டை 15 கினிக்கு விற்றதாமே? கரிப்புகைக்குக் காசைக் கொட்டியவர்களை என்னவென்பது?

பதில்: விரயத்தைத் தேடுகிறீர்கள் என்றால் டிக்கெட் வாங்கியவர்களிடம் தேடாதீர்கள்.

1951-லிருந்து 1960 வரை, தானே வகுத்த ஸ்டாண்டர்ட் வடிவமைப்புகளில் மட்டும் 999 நீராவி இன்ஜின்களைப் புதிதாகக் கட்டியது அந்த ரயில்வே. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதென்று 1955-லேயே திட்டம் போட்டாயிற்று. அப்புறமும் ஐந்து வருஷம் கட்டினார்கள். கடைசியாக வந்த 'ஈவினிங் ஸ்டார்' 1965-லேயே ஓரங்கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் உழைத்திருக்க வேண்டிய இன்ஜின்களை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்களே, அது மக்கள் பணம். 15 கினி, அதாவது 15 பவுண்டு 15 ஷில்லிங், அன்றைய தொழிலாளிக்கு வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி. கட்டணம் அநியாயம்தான். ஆனால் அது கொடுத்தவர்களின் சொந்தக் காசு.

அந்த ஆகஸ்ட் 11 பயணம் லிவர்பூலில் கிளம்பி, மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் போய்த் திரும்பியது. மான்செஸ்டரிலிருந்து இழுத்தது 'ஆலிவர் கிராம்வெல்' என்ற இன்ஜின். செட்டில் என்ற ஊரைத் தாண்டியதும் நூறு அடிக்கு ஓரடி வீதம் மைல் கணக்கில் ஏற்றம். டிரைவர் ரெகுலேட்டரை, அதாவது நீராவியை விடும் வால்வை, திறந்து பிடித்திருக்க, பயர்மேன் குனிந்த முதுகு நிமிராமல் கரி அள்ளிப் போட்டால்தான் பாய்லரில் அழுத்தம் இறங்காமல் நிற்கும். 1,169 அடி உயரத்தில், ஐஸ் கில் உச்சியில் வண்டியை நிறுத்தினார்கள். ஜனங்கள் இறங்கிப் படமெடுத்தார்கள். திரும்பும்போது கார்லைலிலிருந்து இரட்டை இன்ஜின்.

மறுநாளே தடை வந்தது. சொந்தமாக இன்ஜின் வைத்திருப்பவர்கூட அதை மெயின் லைனில் ஓட்டக் கூடாதாம்! ரயில்வேயோடு போட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த ஆலன் பெக்லர் என்பவரின் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' இன்ஜின் மட்டும் தப்பியது. இந்தத் தடைதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாமென்றால் விட்டுவிடலாம், வேண்டுமென்பவனை ஏன் தடுக்க வேண்டும்? 1971 அக்டோபரில் அவர்களே இறங்கி வந்து, 'கிங் ஜார்ஜ் V' இன்ஜின் ஓட அனுமதித்தார்கள்.

அன்று இழுத்த நான்கு இன்ஜின்களில் 44781 எண் கொண்டதை ஒரு சினிமாவுக்காகத் தடம்புரள வைத்து, பிறகு உடைத்துப் போட்டார்கள். 'ஆலிவர் கிராம்வெல்' தேசியச் சேகரிப்புக்குப் போனது. மற்ற இரண்டும், 45110-உம் 44871-உம், இன்றும் இருக்கின்றன. அவற்றை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றியவர்கள், நீங்கள் காசைக் கொட்டியதாகச் சொல்லும் அதே ரயில் பித்தர்கள்தான்.