டிவிக்காரர்கள் பழைய மாருதியைப் புதுப்பித்துத் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 27. பெருந்துறை சிப்காட்டில் வேலை. கேள்வியின் சுருக்கம் இது:

"அப்பா 2005ல் வாங்கிய மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். பழைய காரைப் புதுப்பித்துத் தரும் டிவி போட்டிக்கு வண்டியின் படத்தை அனுப்பியிருந்தேன். ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டதாகப் போன் வந்தது. எட்டு லட்ச ரூபாய்க்கு வேலை செய்து தருவார்களாம். அம்மாவுக்கு சந்தோஷம். பெரிய மாமா மட்டும், 'ஓசியில வர்றதுல என்ன வில்லங்கம் இருக்குதுன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு மாப்பிள்ளை' என்கிறார். மாதம் ஒரு தடவை தாளவாடிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்வருவதும் இந்த வண்டியில்தான். என்ன செய்யலாம்?"

தம்பி, உங்கள் மாமா சொல்வதைக் கேளுங்கள். வேண்டாம் என்று மறுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் இப்போது இருக்கும் நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் இருபது வருடமாக ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் விபத்து வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர். அழகாக மாற்றிய வண்டிகளை அடிபட்ட பிறகு பிரித்துப் பார்ப்பது என் தொழில். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் சிக்கல் டிவிக்காரர்களால் வந்ததல்ல, உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆர்.சி. புக் இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? அப்படியானால் அந்த வண்டியை மாற்ற அனுமதி கொடுக்கும் உரிமை காகிதத்தில் உங்களுக்கு இன்னும் வரவில்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இன்சூரன்ஸும் அப்படித்தான். இறந்தவர் பெயரிலுள்ள பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அதற்கு முன் அதன் காலம் முடிந்தால் அதுவரைதான் செல்லும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வராது, குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இப்போது உங்கள் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல், தாளவாடி போகும் வழியிலுள்ள திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். டிவி விஷயம் கிடக்கட்டும், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கோபி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.

அப்புறம் வரி. போட்டியில் ஜெயித்த பரிசு, பொருளாக வந்தாலும் வருமானம்தான். டிவி நிகழ்ச்சிகளில் போட்டியிட்டு ஜெயிப்பதையும் சட்டம் இதில் சேர்த்திருக்கிறது. இதற்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். அடிப்படை விலக்கு வரம்பு இந்த வருமானத்துக்குக் கிடையாது, செலவு எதையும் கழிக்கவும் முடியாது. எட்டு லட்சம் என்று அவர்கள் கணக்குக் காட்டினால் 2,49,600 ரூபாய். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவர்கள் அதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதாவது வண்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே இந்தப் பணம் கட்டியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த எட்டு லட்சம் என்ற எண். திரையில் சொல்லும் மதிப்பு விளம்பரத்துக்கு வசதியான மதிப்பு. ஸ்பீக்கர் கொடுத்த கம்பெனி, சீட் கவர் கொடுத்த கம்பெனி எல்லாம் முழு எம்.ஆர்.பி. போட்டிருப்பார்கள். நீங்கள் எந்த எண்ணுக்கு வரி கட்டுகிறீர்கள் என்பதை பில்லோடு கேளுங்கள். வரியை அவர்களே ஏற்பதாக இருந்தால் அது ஒப்பந்தத்தில் எழுத்தாக வரவேண்டும். போனில் பேசும் பையன் "சார், அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பான். அடுத்த மாதம் அவன் வேறு கம்பெனியில் இருப்பான். ஒப்பந்த நகலை உங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. 2004 செப்டம்பரில் அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புதுக் காரைக் கொடுத்தார். பல பேர் 7,000 டாலர் வரை வருமான வரி கட்ட வேண்டி வந்தது. எம்டிவியில் 2004 முதல் 2007 வரை பழைய கார்களை மாற்றிக் காட்டிய 'பிம்ப் மை ரைடு' உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்புக்கு இன்னும் நெருக்கம். அதில் ஜெயித்தவர்களில் சிலர் பின்னாளில் விவரம் சொன்னார்கள். வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நின்றதாம். திரையில் காட்டிய சில பொருள்களைப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட்டார்களாம். வெளியே ஜொலித்த வண்டியின் இன்ஜின் பழையபடியே தகராறு செய்ததாம். நிகழ்ச்சியின் தேவை வேறு, வண்டி ஓட்டுபவரின் தேவை வேறு. கேமராவில் பெயின்ட் தெரியும், பிரேக் பைப் தெரியாது.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளருக்கு என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். பட்டறை ஓட்டுபவரின் பெயரோ டிவி கம்பெனியின் பெயரோ ஆர்.சி.யில் இல்லை. நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் திருத்த வேண்டும். கண்ணாடி முன்னும் பின்னும் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும். உங்கள் வண்டிக்கு 15 வருடம் தாண்டிவிட்டதால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று சோதனைக்கு, நிறுத்தியாக வேண்டும். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் அகலமான வீலோடும் சத்தம் போடும் சைலன்சரோடும் நிற்கப்போவது நீங்கள் ஒருவர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதமும் பணமும். எனக்கு உண்மையிலேயே கவலை தாளவாடிப் பயணம்தான். அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

மாருதி 800ன் எடை சுமார் 650 கிலோ. 796 சி.சி. இன்ஜின், 12 இன்ச் வீல், சின்ன பிரேக். இது எல்லாமே அந்த எடைக்கு அளந்து செய்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் டிக்கி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், டிவி திரை, இரண்டாவது பேட்டரி, ஃபைபர் பம்பர் என்று அடுக்குவார்கள். 150 கிலோ ஏறிவிட்டது என்று வையுங்கள். வண்டியின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு அது. அக்கா வீட்டுக்குப் போகும்போது அம்மா, மச்சான், குழந்தைகள், அரிசி மூட்டை என்று தனியாக ஏறும். திரும்பி வருகையில் திம்பத்திலிருந்து பண்ணாரி வரை 27 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் பிரேக்கில் சூடாக மாறித்தான் தீர வேண்டும். சூடு எல்லை தாண்டினால் பேட் பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. எல்லா எடையும் டிக்கியில் இருந்தால் பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் லேசாகி, வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சுக் கேட்காது.

வீல் மாற்றுவதிலும் இதே கதைதான். கம்பெனி டயர் 145/70 ஆர் 12. அதன் விட்டம் சுமார் 508 மி.மீ. பார்வைக்காக 165/65 ஆர் 14 போட்டால் 570 மி.மீ. ஆகிவிடும், 12 சதவீதம் பெரிது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 67ல் போகும். ஒவ்வொரு கியரும் நீளமாகிவிடுவதால் ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் இரண்டாவது கியர் தரும் இன்ஜின் பிடிப்பும் குறையும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். சமவெளியில் இதையெல்லாம் சமாளித்துவிடலாம், மலைப்பாதையில் முடியாது.

ஒயரிங்கைப் பற்றி ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பெருந்துறை பைபாஸில் எரிந்துபோன ஒரு காரைப் பார்க்கப் போனேன். குடும்பத்தோடு வந்தவர்கள் புகை வந்ததும் இறங்கிவிட்டதால் உயிர் தப்பினார்கள். ஆறு மாதத்துக்கு முன்புதான் பெரிய செலவில் ஆடியோ செட் போட்ட வண்டி. டிரைவர் சீட்டைக் கழற்றி, எரியாமல் மீந்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடிமனான சிவப்பு ஒயரை சீட் ரெயிலுக்கு அடியில் இழுத்துவிட்டிருந்தார்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, ரெயிலின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்திருந்தது. அந்த இடத்தில் செம்பு உருகி ரெயிலோடு ஒட்டிக் கிடந்தது. பேட்டரியிலிருந்து ஒயரைப் பின்பற்றி வந்தால் வழியில் எங்கேயும் ஃபியூஸ் இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது போயிருக்கும், பாட்டு நின்றிருக்கும், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று கிளெய்மும் நிராகரிக்கப்பட்டது. அந்த ரிப்போர்ட்டை எழுதிக்கொடுத்தவன் நான்தான். எழுதும்போது அந்தக் குடும்பத்தை நினைத்து மனம் சங்கடப்பட்டது. ஆனால் பார்த்ததைத்தானே எழுத முடியும்?

12 வோல்ட் வண்டியில் 500 வாட் இழுத்தாலே 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சின்னக் காரில் அதற்கு ஆனதல்ல. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது இதில் சின்னத் தொல்லை.

இன்சூரன்ஸில் இன்னொன்றும் உண்டு. இருபது வருட மாருதிக்குப் பெரும்பாலும் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுவோம். அதில் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழு பாலிசி வேண்டுமானால் இவ்வளவு பழைய வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும். மின் சாதனங்களைத் தனியாகக் காட்டி அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதலாகக் கட்டுவது வழக்கம். பில் இல்லாமல் இது எதுவும் நடக்காது.

விற்கும்போது லாபம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரோட்டிலோ கோவையிலோ பழைய கார் வாங்கி விற்கும் எந்தக் கன்சல்டிங்கில் வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஒரே ஓனர், கம்பெனி பெயின்ட், கை படாத வண்டி, இதற்குத்தான் விலை.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆசை இருந்தால், அதில் தவறில்லை. அப்பா ஓட்டிய வண்டி நாலு பேர் பார்க்க மின்னுவதை அம்மா பார்க்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் பைப், தரைத் தகடு, இவற்றை முதலில் முடியுங்கள். துருவின்மேல் பட்டி போட்டு மூடாமல், அறுத்தெடுத்துப் புதுத் தகடு வையுங்கள். டயர் அளவு மாறக் கூடாது. ஆடியோ சின்னதாக, ஃபியூஸோடு இருக்கட்டும். கழற்றிய பழைய பொருள்கள் அனைத்தும் எங்களுக்கே வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அப்பா கைபட்ட ஸ்டியரிங்கும் சீட்டும் ஸ்கிராப்புக்குப் போய்விட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது. எத்தனை நாளில் தருவார்கள், தாமதமானால் மாற்று வண்டி உண்டா, ஒரு வருடத்துக்குள் ஏதாவது பழுதானால் யார் செலவில் எந்த ஊரில் சரிசெய்வார்கள், இத்தனை காலம் விற்கக் கூடாது என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா, எல்லாம் எழுத்தில் வரட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். உங்களிடம் இருப்பது இந்த ஒரு வண்டிதான். நல்ல பட்டறையில் கொடுத்துப் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சரிசெய்ய ஆகும் செலவு, அந்த வரித் தொகையில் சிறு பகுதிகூட வராது.

ஒப்புக்கொண்டு வண்டி வந்து சேர்ந்தால், அன்றைக்கே சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டு, லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். எடை மேடையில் நிறுத்தி ரசீது வாங்குங்கள். கம்பெனி எடையைவிட 50 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால் டிக்கியில் உள்ளதை இறக்கிவிடுங்கள். அப்புறம் ஆர்.டி.ஓ., அப்புறம் இன்சூரன்ஸ். இரண்டும் முடிந்து, சத்தியமங்கலம் ரோட்டில் நாலு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு தாளவாடிக்குப் போங்கள். முதல் தடவை அம்மாவைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் தனியாக ஓட்டிப் போங்கள்.