அரியணை பறிபோன ஹனோவர் குடும்பத்தினர் அயல்நாட்டில் எப்படி வாழ்ந்தார்கள்?

ஜெர்மனியில் ஆட்சியை இழந்த டியூக் குடும்பங்களின் தலைவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல குடும்பங்கள் உண்டு. என் மனத்தை விட்டு அகலாதது ஹனோவர் குடும்பம்தான். பிரவுன்ஸ்விக்-லூனபர்க் டியூக்குகளாக இருந்து, பிரிட்டனின் அரியணை வரை ஏறிய வம்சம் அது.

1866இல் பிரஷ்யா என்ற வலிமையான வட ஜெர்மன் அரசும் ஆஸ்திரியாவும் மோதியபோது, ஹனோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிரஷ்யாவுக்குப் பணிய மறுத்தார். அவருக்கு இரண்டு கண்களும் தெரியாது. சிறுவயதில் நோய் ஒன்றைப் பறித்தது, பின்னர் ஒரு விபத்து மற்றதைப் பறித்தது. ஜூன் 27 அன்று லாங்கென்சால்சாவில் அவருடைய படை வென்றது. இரண்டே நாளில் அதே படை சுற்றி வளைக்கப்பட்டுச் சரணடைந்தது. நாடு பிரஷ்யாவின் கைக்குப் போனது, மன்னர் ஆஸ்திரியாவுக்குப் போனார். அரசி மரீ மட்டும் உடனே கிளம்பவில்லை. கணவர் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த மரீன்பர்க் கோட்டை அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. அந்த அரைகுறைக் கோட்டையில், பிரஷ்யக் காவலுக்கு நடுவே, 1867 கோடைவரை அவர் இருந்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய இடம் அதுதான்.

இழப்பீடாக 1 கோடியே 60 லட்சம் தாலர் (அன்றைய ஜெர்மன் வெள்ளி நாணயம்) பேசி முடிவானது. ஆனால் மன்னர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய ஹனோவர் வீரர்கள் பிரான்சில் படையாகத் திரண்டார்கள். அதைக் காரணம் காட்டி 1868இல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் அந்தச் சொத்தை முடக்கினார். அதன் வருமானத்தைத் தமக்குச் சாதகமாக எழுதும் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நாட்டையும் பறித்து, பறிகொடுத்தவரின் பணத்தையே அவருக்கு எதிராகச் செலவழித்த செயலை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

1878இல் ஜார்ஜ் பாரிஸில் இறந்தார். மகன் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் கம்பர்லாந்து டியூக் என்ற பட்டத்துடன் ஆஸ்திரியாவின் குமுண்டனில் மாளிகை கட்டிக் குடியேறினார். தந்தையின் பிடிவாதம் அவரிடமும் அப்படியே இருந்தது. 1884இல் இதே வம்சத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த பிரவுன்ஸ்விக் டியூக் வாரிசின்றி இறந்தபோது, முறைப்படி அந்த நாடு இவருக்கு வந்திருக்க வேண்டும். ஹனோவர் மீதான உரிமையைக் கைவிடாததால் பெர்லின் குறுக்கே நின்றது.

பகையைத் தணித்தது ஒரு சாவு. 1912 மே மாதம், டென்மார்க் மன்னரான தாய்மாமனின் இறுதிச் சடங்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்த மூத்த மகன் கியார்க் வில்ஹெல்ம், பிராண்டன்பர்க்கில் விபத்தில் இறந்தார். கெய்சர், அதாவது ஜெர்மன் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் இரங்கல் காட்டி மரியாதை செய்தார். அதற்கு நன்றி சொல்ல பெர்லின் போன இளைய மகன், அங்கே கெய்சரின் ஒரே மகளான விக்டோரியா லூயிஸைச் சந்தித்தார். மறு ஆண்டு மே 24 அன்று திருமணம். பிரிட்டன் மன்னரும் ரஷ்யப் பேரரசரும் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே முதல் உலகப் போரில் அவர்களும் கெய்சரும் எதிரெதிர் அணியில் நின்று போரிட்டார்கள்.

1913 நவம்பரில் இளையவர் பிரவுன்ஸ்விக் டியூக் ஆனார். சரியாக ஐந்து ஆண்டுகள்தான். போரின் முடிவில் ஜெர்மனியில் புரட்சி வெடித்தபோது, 1918 நவம்பர் 8 அன்று பதவி துறந்து, தந்தை இருந்த அதே குமுண்டனுக்குத் திரும்பினார்.

அவருடைய மகள் பிரெடரிக்கா கிரேக்கத்தின் அரசியானார். 1967இல் அவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் மகள் ஐரினுடன் சென்னையில் சில காலம் தங்கி, பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் பயின்றார்.